வளாகம் முழுக்க வைஃபை மாற்றம்: பழைய ஏபியைக் கழற்றி அதே இடத்தில் புதியதை மாட்டினால் போதுமா?

#1 வளாகவலை

வணக்கம். ஒரு கல்வி வளாகத்தின் வைஃபையை முழுவதுமாக மாற்றும் வேலை எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. வகுப்பறைக் கட்டடங்கள், இரண்டு பெரிய அரங்குகள், நூலகம், ஆய்வகங்கள், விடுதிகள், நடுவில் திறந்தவெளி எல்லாம் இதில் அடங்கும். இப்போது இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்கள் (ஏபி, வைஃபை சிக்னலை அனுப்பும் பெட்டிகள்) எல்லாம் வைஃபை 5 காலத்தவை. பெரும்பாலும் நடைபாதைக் கூரையில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள்.

நிர்வாகத்தின் எண்ணம் எளிமையானது. இருக்கிற ஏபிகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் வைஃபை 7 வாங்கி, அதே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்பது கணக்கு.

வரும் புகார்கள் மூன்று வகை. அரங்கில் "சிக்னல் முழுசா காட்டுது, ஆனா எதுவுமே திறக்கல" என்கிறார்கள். விடுதியில் கடைசி அறைகளுக்குச் சிக்னலே போவதில்லை. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே பேசினால் அழைப்பு அறுந்துவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் இவை தீருமா? இதே வேலையைச் செய்தவர்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள்?

#2 ரேடியோமேசை

தீராது. முதல் புகாரை நன்றாகப் பாருங்கள். சிக்னல் இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை என்றால் குறை தூரத்தில் இல்லை, ஏர்டைமில், அதாவது சேனலில் பேசக் கிடைக்கும் நேரத்தில் இருக்கிறது. ஒரே சேனலில் இருக்கும் எல்லாச் சாதனங்களும் முறை வைத்துத்தான் பேச முடியும். ஓஎஃப்டிஎம்ஏ என்ற சேனல் பங்கீட்டு நுட்பம் வைஃபை 6-இல் வந்தபின் ஒரே முறையைப் பல சாதனங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் சேனல் பொதுச் சொத்துதான். பக்கத்து ஏபி அதே சேனலில் இருந்தால் அதுவும் அதே வரிசையில் நிற்கும்.

புதிதாக எதையும் வாங்காமலே இன்றைக்குப் பார்க்கக்கூடிய ஒரு விஷயம் சொல்கிறேன். உங்கள் வளாகத்தில் எத்தனை எஸ்எஸ்ஐடி (போனின் பட்டியலில் தெரியும் வைஃபை பெயர்) ஒளிபரப்பாகிறது? ஊழியர், மாணவர், விருந்தினர், ஆய்வகம், பிரின்டர் என்று பிரித்துக்கொண்டே போனால் ஆறாகிவிடும். ஒவ்வொரு ஏபியும் ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு பீக்கன் அனுப்பும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மிகக் குறைந்த வேகம் 1 எம்பிபிஎஸ் என்று விட்டுவைத்திருந்தால், 300 பைட் பீக்கன் ஒன்று காற்றில் சுமார் 2.6 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். அதாவது ஏர்டைமில் இரண்டரை சதவீதம். ஆறு எஸ்எஸ்ஐடி, ஒரே சேனலில் காதில் விழும் நான்கு ஏபி என்று வையுங்கள். 24 பீக்கன்கள். ஒருவரும் ஒரு பைட் கூட இறக்காத நிலையிலேயே சேனலில் 60 சதவீதம் போய்விட்டது. அதையே குறைந்தபட்ச வேகம் 12 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினால் அதே 24 பீக்கன்களுக்கு 5 சதவீதம் போதும்.

இந்த அமைப்பை அப்படியே புதிய பெட்டிக்கு நகலெடுத்தால், வைஃபை 7 வந்தபிறகும் அரங்கில் இதே புகார் வரும். எஸ்எஸ்ஐடியை மூன்றுக்குக் குறையுங்கள். 12 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழான வேகங்களை அணையுங்கள். பிறகு ஒரு வாரம் புகார்களைக் கவனியுங்கள்.

#3 கேபிள்தடம்

ரேடியோமேசை காற்றைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் சுவருக்குள் இருப்பதைச் சொல்கிறேன். என் அனுபவத்தில் இத்தகைய திட்டங்களின் காலமும் பணமும் பாதிக்கு மேல் அங்கேதான் போகின்றன.

முதலில் மின்சாரம். ஏபிக்கு மின்சாரமும் வலைக்கேபிள் வழியாகவே வருகிறது. அதைத் தரும் உங்கள் நெட்வொர்க் சுவிட்சுகள் பழைய 802.3ஏஎஃப் தர வகை என்றால் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். கேபிளில் போகும் இழப்பு கழிந்து ஏபிக்குக் கிடைப்பது 12.95. மூன்று ரேடியோ உள்ள புதிய ஏபிக்கு அது பற்றாது. 802.3ஏடி தரும் 30 வாட்டாவது வேண்டும். சில மாடல்கள் எல்லா வசதியோடும் இயங்க 802.3பிடி கேட்கும். இதில் சிக்கல் என்னவென்றால், மின்சாரம் குறைந்தாலும் ஏபி அணையாது. ஒரு ரேடியோவை நிறுத்திவிட்டு, அல்லது ஆன்டெனா ஓடைகளைக் குறைத்துக்கொண்டு, பச்சை விளக்கோடு நிற்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

போர்ட்டுக்கு இவ்வளவு என்பதோடு சுவிட்சின் மொத்த வாட்டையும் பாருங்கள். 48 போர்ட் இருக்கிறது, மொத்தம் 740 வாட் என்றால், 30 வாட் வீதம் 24 ஏபிக்குத்தான் ஒதுக்க முடியும். அந்த ரேக்கின் யுபிஎஸ் இந்தப் புதிய சுமையை எத்தனை நிமிடம் தாங்கும், அந்தச் சின்ன அறையில் சூடு வெளியே போக வழி இருக்கிறதா என்பதெல்லாம் அதன் தொடர்ச்சி.

கேபிள் விஷயத்தில் பயப்பட வேண்டாம். 2016-இல் வந்த 802.3பிஇசட் தரம், நல்ல நிலையில் உள்ள கேட் 5ஈ கேபிளிலேயே 100 மீட்டருக்கு 2.5 ஜிகாபிட் ஓட வழி செய்தது. "நல்ல நிலையில்" என்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். புதிதாக இழுக்கும் இடங்களில் கேட் 6ஏ போடுங்கள், ஏபி ஒன்றுக்கு இரண்டு கேபிள். ஆளும் ஏணியும் ஒருமுறை வந்தபோதே இழுப்பது மிச்சம்.

கட்டடங்களுக்கு இடையே என்ன இருக்கிறது? பழைய ஓஎம்1 (மல்டிமோடு) ஃபைபர் என்றால் அதில் வழக்கமான எஸ்ஆர் வகை மாட்யூலில் 10 ஜிகாபிட் 33 மீட்டர்தான் ஓடும். சிங்கிள் மோடு போடுங்கள், அடுத்த பல தலைமுறைச் சுவிட்சுகளுக்கும் அது போதும். எங்காவது இரண்டு கட்டடங்களைச் செம்புக் கேபிளால் இணைத்திருந்தால் அதை இந்த வேலையோடு கட்டாயம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பக்கத்துச் சுவிட்சும் போகும்.

#4 வளாகவலை

இருவருக்கும் நன்றி. ஏபிகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் பார்த்தேன். எஸ்எஸ்ஐடி ஏழு. அதில் இரண்டு யாருக்கு என்றே எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் சாதனங்கள் இணைந்திருக்கின்றன. சுவிட்சுகளில் பெரும்பாலானவை ஏஎஃப் வகைதான்.

அடுத்து ஒரு சந்தேகம். ஏபி எங்கே வரவேண்டும் என்பதை வரைபடத்தில் மென்பொருளை வைத்தே தீர்மானிக்கலாம் என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். நேரில் அளக்க ஆள் அனுப்பினால் காலம் கூடும் என்கிறார்கள். அளவெடுப்பது உண்மையிலேயே தேவையா?

#5 ரேடியோமேசை

தேவை. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேவையில்லை.

மென்பொருளில் சுவரை வரையும்போது அது எதனால் ஆனது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஜிப்சம் பலகை என்றால் 3 டெசிபல் போகும். கான்கிரீட் என்றால் 12-க்கும் மேல். 10 டெசிபல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். ஆக, ஒரு சுவரைத் தவறாகக் குறித்தால் அந்தத் தளத்தின் திட்டமே தவறு. ஒவ்வொரு வகைக் கட்டடத்திலும் ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலை ஒரு கம்பத்தில் கட்டி, கூரை உயரத்துக்குத் தூக்கி, பேட்டரியில் இயக்கிச் சுற்றி நடந்து அளந்துவிடுங்கள். சுவரின் உண்மையான இழப்பு தெரிந்துவிடும். அந்த எண்ணை மென்பொருளில் போட்டால் மற்றத் தளங்களுக்கு அதன் கணிப்பை நம்பலாம். மாட்டி முடித்தபின் இன்னொருமுறை எல்லா இடமும் நடந்து சரிபார்க்க வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இலக்கு: பேச்சு அறுபடாமல் இருக்க எல்லா இடத்திலும் குறைந்தது -67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு), இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் 25 டெசிபல் இடைவெளி. அழைப்பு அறுவதாகச் சொன்னீர்களே, அதற்கு இந்த -67 முக்கால் வாசி விடை. மீதி, ஏபியின் சக்தியை உச்சத்தில் வைத்திருப்பது. ஏபி சத்தமாகப் பேசும், போனின் குரலோ அவ்வளவு தூரம் எட்டாது. போனுக்கு ஏபி நன்றாகக் கேட்பதால் அது பழைய ஏபியை விடாமல் பிடித்துக்கொண்டே நடக்கும், கடைசியில் அறுந்துவிடும். சக்தியைப் போன் அளவுக்குக் கொண்டுவாருங்கள். போன் அடுத்த ஏபிக்குச் சரியாக மாற உதவும் 802.11கே, வி இரண்டையும் இயக்குங்கள். அந்த மாற்றத்தை வேகமாக்கும் 802.11ஆர் மட்டும் பழைய சாதனங்களோடு சோதித்துவிட்டு இயக்குங்கள். சில சாதனங்கள் அதைப் பார்த்தால் இணையவே மறுக்கும்.

சேனல் அகலத்தில் ஆசை வேண்டாம். 5 ஜிகாஹெர்ட்ஸில் அரங்குகளுக்கு 20 மெகாஹெர்ட்ஸ், மற்ற இடங்களில் சேனல் மீதமிருந்தால் 40. விளம்பரத்தில் வரும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனலை வளாகத்தில் மறந்துவிடுங்கள். 6 ஜிகாஹெர்ட்ஸில் 500 மெகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்த நாடுகளில் அப்படி ஒரே ஒரு சேனல்தான் கிடைக்கும். 1200 முழுவதும் திறந்த நாடுகளிலும் ஒன்றோடொன்று மோதாத மூன்றுதான். 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் முதலாவதில் ஆறு, இரண்டாவதில் பதினான்கு. அதை வைத்து நிம்மதியாகத் திட்டமிடலாம்.

#6 விடுதிப்பொறுப்பு

நான் தொழில்நுட்பக்காரன் இல்லை, விடுதி நிர்வாகத்தில் இருப்பவன். இந்த மாதிரித் திட்டங்களில் "நடைபாதையில் மாட்டாதீர்கள், அறைக்குள் மாட்டுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். அறைக்குள் மாட்டினால் அது மாணவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும். கழற்றுவார்கள், விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று துணி போட்டு மூடுவார்கள். பழுது பார்க்கப் போனால் அறை பூட்டியிருக்கும். அவர்கள் இல்லாதபோது திறந்து போவது சரியும் இல்லை. நடைபாதையில் இருந்தால் எந்த நேரமும் ஏணி போட்டு ஏறலாம். நடைபாதையிலேயே இன்னும் நெருக்கமாக மாட்டினால் ஆகாதா?

#7 ரேடியோமேசை

நீங்கள் சொல்வது நியாயமான கவலை. ஆனால் நெருக்கமாக மாட்டுவது நிலைமையை இன்னும் கெடுக்கும். நடைபாதை ஒரு நீண்ட குழாய். அதில் ஏபிகள் ஒன்றையொன்று எந்தத் தடையும் இல்லாமல் கேட்கும், ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும். அறைக்குள் படுத்திருக்கும் மாணவரின் போனுக்கோ நடுவில் சுவர், கதவு, இரும்பு அலமாரி. அதாவது ஏபிக்கு ஏபி நன்றாகக் கேட்கிறது, போனுக்குக் கேட்கவில்லை. வேண்டியதற்கு நேர் எதிர். 6 ஜிகாஹெர்ட்ஸ் சுவரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழக்கும்.

நடுவழி ஒன்று உண்டு. சுவரில் பதியும் சின்ன ஏபிகள் இருக்கின்றன, கீழே கம்பி போர்ட்டுகளோடு. இரண்டு அறைக்கு ஒன்று என்று எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி வைக்கலாம். திருகுக்குப் பூட்டு உண்டு, விளக்கை மென்பொருளிலேயே அணைத்துவிடலாம்.

#8 விடுதிப்பொறுப்பு

விளக்கை அணைக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி, நல்லது. ஆனால் பூட்டிய அறைக்குள் ஏபி செத்துவிட்டால் பக்கத்து அறைக்காரர் என்ன செய்வார்? அவர் அறையில் ஏபியே இல்லை. என் மேசைக்குத்தான் வந்து நிற்பார். இதற்கு ஒரு ஏற்பாடு சொல்லுங்கள், பிறகு சம்மதிக்கிறேன்.

#9 சாவிக்கொத்து

விடுதிப் பேச்சு நடக்கட்டும், யாரும் தொடாத ஒன்றை எழுதுகிறேன். யார் இணைகிறார்கள் என்று எப்படி அறிவீர்கள்? புதிய ஏபி வந்தபிறகு மிக அதிக அழைப்பு உதவி மையத்துக்கு இதனால்தான் வரும்.

6 ஜிகாஹெர்ட்ஸில் பழைய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 கிடையாது. பழைய மாதிரித் திறந்த வலையும் கிடையாது. அதன் அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3, அல்லது விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லாமலே மறையாக்கம் தரும் ஓடபிள்யூஇ. ஆக, இப்போதைய எஸ்எஸ்ஐடி அமைப்பை அப்படியே 6-க்குக் கொண்டுபோக முடியாது. எதை எங்கே வைப்பது என்று முன்னாலேயே தீர்மானிக்க வேண்டும்.

பயனர் பெயர், கடவுச்சொல் வைத்து பீஈஏபி முறையில் இணைக்கிறீர்களா? விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பில், நிறுவன, கல்விப் பதிப்புகளில், கடவுச்சொல் விவரங்களைத் தனியே காக்கும் கிரெடென்ஷியல் கார்டு தானாக இயங்கத் தொடங்கியபோது ஒருமுறை உள்நுழைந்தாலே வைஃபையும் இணையும் என்ற ஏற்பாடு பல இடங்களில் நின்றுபோனது. ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்ற தேர்வே பல போன்களில் இல்லை. அந்தத் தேர்வு இருந்ததால்தான் யார் வேண்டுமானாலும் அதே பெயரில் போலி வலை ஒன்றை விரித்துக் கடவுச்சொல்லைப் பறிக்க முடிந்தது. அது போனது நல்லதே. ஆனால் உங்கள் அறிவுறுத்தல் தாள் பழையதாக இருந்தால் புதிய மாணவர் அதை வைத்து இணைய முடியாது. ஈஏபி-டிஎல்எஸ்ஸுக்குப் போங்கள், சாதனத்துக்கு ஒரு சான்றிதழ், அதை நிறுவித் தர ஒரு செயலி. கல்வி நிறுவனங்கள் பகிரும் எடுரோம் வைஃபை வலை ஏற்கெனவே இருந்தால் அதையே முதன்மை எஸ்எஸ்ஐடி ஆக்கிவிடலாம். 2003 வாக்கில் ஐரோப்பாவில் தொடங்கி இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. வரும் விருந்தினர் பேராசிரியர்களுக்கும் தனி வலை தேவைப்படாது.

மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்) வைத்துப் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வலைக்கு வலை வேறு முகவரி காட்டுகின்றன.

அப்புறம், இணைபவரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், ஒருவர் மட்டும் இல்லை, மூன்று பேர். அது காலாவதியான காலையில் வளாகத்தில் ஒருவராலும் இணைய முடியாது, ஏபி எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

#10 கரும்பலகை

பாடம் நடத்துபவன் என்ற முறையில் இரண்டு வேண்டுகோள். எங்கள் ஆய்வகத்தில் 2.4 மட்டுமே தெரிந்த அளவீட்டுக் கருவிகளும் மாணவர்கள் செய்யும் சென்சார் பலகைகளும் இருக்கின்றன. "2.4-ஐ மூடிவிட்டோம்" என்று ஒருநாள் அறிவிப்பு வந்தால் ஒரு பருவத்தின் செய்முறை வகுப்பே நின்றுவிடும். இரண்டாவது, வகுப்பில் என் மடிக்கணினித் திரையைப் புரொஜெக்டருக்குக் கம்பியில்லாமல் அனுப்புவது. சில அறைகளில் புரொஜெக்டர் பெயரே பட்டியலில் வருவதில்லை. சில அறைகளில் பக்கத்துக் கட்டடத்துப் புரொஜெக்டர்கள் எல்லாம் வருகின்றன.

#11 ரேடியோமேசை

2.4-ஐ முழுவதும் மூட வேண்டாம். மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே இருப்பதால், எல்லா ஏபியிலும் அதை இயக்கினால் ஒன்றையொன்று நசுக்கும். நான்கில் ஒன்று என்ற அளவில் இயக்கி, சாதனங்களுக்கென்று ஒரே எஸ்எஸ்ஐடி வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்தால் போதும். உங்கள் ஆய்வகத்தில் மட்டும் எல்லா ஏபியிலும் இயக்கலாம். எந்த ஆய்வகத்தில் என்ன கருவி என்ற பட்டியல் மட்டும் முன்னாலேயே எங்களுக்கு வேண்டும்.

புரொஜெக்டர் விஷயம் எம்டிஎன்எஸ், அதாவது வலையில் இருக்கும் சாதனங்கள் தங்கள் பெயரை அறிவிக்கும் முறை. கட்டுப்பாடில்லாமல் விட்டால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அடைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. கன்ட்ரோலரில் இருப்பிடத்தை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறதா என்பதை விலை கேட்கும் முன்னரே கேளுங்கள்.

#12 கேபிள்தடம்

ஒரு கருத்து வேறுபாடு எனக்கு. எல்லா இடத்துக்கும் வைஃபை 7 எதற்கு? வைஃபை அலையன்ஸ் அதற்குச் சான்றளிக்கத் தொடங்கியது 2024 ஜனவரியில். மாணவர் கையில் இருப்பதில் பெரும்பகுதி வைஃபை 5-உம் 6-உம்தான். அரங்கு, நூலகம் இரண்டுக்கும் 7, விடுதிக்கு 6 என்று பிரித்து, மிஞ்சும் தொகையைச் சுவிட்சிலும் ஃபைபரிலும் போடலாம் என்பது என் எண்ணம். சுவிட்ச் நன்றாக இருந்தால் ஏபியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

#13 சாவிக்கொத்து

இதை நான் ஏற்கவில்லை. மாணவர்கள் மிக நீண்ட நேரம் இணைந்திருக்கும் இடம் விடுதி. போனும் மடிக்கணினியும் மிக வேகமாகப் புதியதாக மாறுவதும் அங்கேதான். 6 ஜிகாஹெர்ட்ஸ் இல்லாத ஏபியை அங்கே மாட்டினால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அது அப்படியே இருக்கும். குறைந்தது 6ஈ, அதாவது 6 ஜிகாஹெர்ட்ஸும் உள்ள வைஃபை 6 வேண்டும்.

#14 வளாகவலை

கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை. அரங்கும் உள்ள ஒரு வகுப்பறைக் கட்டடத்தை மட்டும் எடுத்து, எதையும் வாங்காமல், இங்கே சொன்னவற்றைச் செய்து பார்த்தோம்.

எஸ்எஸ்ஐடியை மூன்றாக்கினோம், குறைந்தபட்ச வேகத்தை 12-க்கு உயர்த்தினோம், சக்தியைக் குறைத்தோம். 2.4-இல் சேனல் நிரம்பியிருப்பது கண்கூடாகக் குறைந்தது. அரங்கில் பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் வகுப்பு மாறும் நேரத்தில் மட்டும் சிலருக்கு இணைந்தும் இணையம் வரவில்லை. பதிவுகளைப் பார்த்தால் அது ரேடியோவே இல்லை. அந்தக் கட்டடத்துக்கு 254 ஐபி முகவரிகள் கொண்ட ஒரே ஒரு தொகுதி, டிஎச்சிபி லீஸ் (ஒரு சாதனத்துக்கு முகவரியை ஒதுக்கி வைக்கும் காலம்) எட்டு நாள். காலையில் வந்துபோனவர்களின் போன்கள் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்க, அடுத்து வருபவர்களுக்கு முகவரி இல்லை. போன்கள் மேக் முகவரியை மாற்றிக் காட்டுவதும் சேர்ந்துகொண்டது. லீஸைச் சில மணி நேரமாக்கித் தொகுதியையும் பெரிதாக்கினோம், நின்றுவிட்டது.

கம்பத்தில் ஏபி கட்டி அளந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் வகுப்பறைக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருப்பது நாங்கள் வரைபடத்தில் குறித்த செங்கல் இல்லை, கான்கிரீட். இப்போதைய கொக்கிகளில் பாதிக்கு மேல் பயன்படாது.

நிர்வாகத்திடம் இந்த அளவுகளைக் காட்டினோம். "அதே எண்ணிக்கை, அதே இடம்" என்பதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். இந்த விடுமுறையில் ஏபி வாங்கவில்லை. ஃபைபரும் சுவிட்சும் மட்டும். ரேடியஸ், சான்றிதழ் வேலை அதோடு இணையாக ஓடும்.

#15 கேபிள்தடம்

நல்ல முடிவு. ஏபி மாட்டும் கட்டம் வரும்போது ஒரு கட்டடத்தை முழுவதுமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே தளத்தில் பழையதும் புதியதும் கலந்திருந்தால், நடக்கும் போன் இரண்டுக்கும் நடுவில் அல்லாடும். கன்ட்ரோலர்கள் இரண்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தேர்வு வாரங்களில் கன்ட்ரோலர் மென்பொருளைத் தொடவே கூடாது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். உரிமம் காலாவதியானால் ஏபி வேலை செய்யுமா, நிற்குமா என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சில தயாரிப்புகள் நின்றுவிடும்.

#16 விடுதிப்பொறுப்பு

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பூட்டிய அறை, செத்த ஏபி.

#17 ரேடியோமேசை

சொல்கிறேன். ஒரு ஏபி போனாலும் இரண்டு பக்கத்து ஏபிகளிலிருந்து அந்த அறைகளுக்கு -67 கிடைக்கும்படி வைப்பதைத் திட்டத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். அளக்கும்போது ஒவ்வொரு ஏபியாக அணைத்து அளக்க வேண்டும். ஏபி அதிகமாகும், அதை மறைக்கவில்லை. ஆனால் அறைக்காரர் திரும்பி வரும்வரை நீங்கள் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. கான்கிரீட் சுவராக இருந்தால் இந்த நிபந்தனை நிறைவேறாமல் போகவும் வாய்ப்பு உண்டு. எனவே விடுதியில் ஒரு தளத்தை முதலில் அளப்போம், அளந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சம்மதமா இல்லையா என்று சொல்லுங்கள்.

#18 விடுதிப்பொறுப்பு

சரி. மேல் தளத்தில் ஒரு பக்கம் இப்போது காலியாக இருக்கிறது. எந்த அறைகளின் சாவி வேண்டும் என்று பட்டியல் அனுப்புங்கள்.